மில் கிரீக் ஹாய்ட்டின் கருத்து

திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஹாய்ட் பிரிட்செட்டுக்கு இருப்புக்கொள்ளாது. சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பார். கடிகாரத்தைப் பார்ப்பார். மறுபடி நடப்பார். டன்மோர் கல்லூரி ஃபுட்பால் அணி (காலால் உதைப்பதல்ல, கையில் பிடித்து ஓடுகிற அமெரிக்க ஆட்டம்) சனிக்கிழமை ஆடியிருக்கும். அதைப் பற்றிய கருத்துகள் ஞாயிறு முழுக்க, தேவாலயத்தில் எழுந்து நின்று பாடும்போதுகூட, அவர் தொண்டையில் முட்டிக்கொண்டு நிற்கும். திங்கள் மதியம் டேரல் நடத்துகிற வானொலி நிகழ்ச்சிக்கு ஃபோன் போட்டு அத்தனையையும் கொட்டினால்தான் மனுஷனுக்கு மூச்சு வரும்.

அந்த அணிக்குப் பெயரே கோவேறு கழுதைகள். சிரிக்க வேண்டாம், அலபாமாவில் அந்தப் பக்கத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எதிரணி பந்தை வைத்திருக்கும் நெருக்கடியான நேரத்தில் பதினேழாயிரம் பேர், வங்கி மேனேஜரும் பாதிரியாரும் உட்பட, எழுந்து நின்று கழுதை மாதிரி கத்துவார்கள். ஹாய்ட் அப்படிக் கத்த ஆரம்பித்தது ஐந்து வயதில். இப்போது அறுபத்தொன்பது ஆகிறது, இன்னும் விடவில்லை.

கருத்துகளுக்கும் அதே வயதுதான். கோச்சுக்கு முதுகெலும்பு கிடையாது. கறுப்புச் சட்டை போட்டு ஆடுவது சாவு வீட்டுக்குப் போகிற மாதிரி இருக்கிறது. அணியின் சின்னமாக வந்த நிஜக் கழுதையை நிறுத்திவிட்டுக் கழுதை வேஷம் போட்ட ஆளை ஓடவிட்ட அன்றைக்கே கல்லூரி உருப்படாமல் போய்விட்டது. டி.வி.காரன் சொல்கிற நேரத்துக்கு ஆட்டத்தைத் தொடங்குகிறவனுக்கு வெட்கமில்லை. இதெல்லாம் எல்லா வருஷமும் உண்டு. இந்த வருஷத்துக் கருத்து வேறு. அதன் பெயர் கோல்பி ரஸ்க். அணியின் குவார்ட்டர்பேக், பந்தை வாங்கி எறிகிற பையன். இருபது வயது.

அந்தத் திங்கட்கிழமையும் ஹாய்ட் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு டேரலைப் பிடித்தார். சனிக்கிழமை மூன்றே புள்ளியில் தோற்றிருந்தார்கள். அதுவும் பரம எதிரி பெல்ஃபேர் ஊர்க்காரனிடம். 

"மில் கிரீக் ஹாய்ட் வந்தாச்சு! சொல்லுங்க ஹாய்ட், சனிக்கிழமை என்னதான் ஆச்சு?" என்றார் டேரல். மில் கிரீக் என்பது ஹாய்ட்டின் ஊர்; வானொலியில் அதுதான் அவருக்கு அடைமொழி.

"என்ன ஆச்சா? பந்த வெச்சிக்கிட்டு நின்னான், டேரல். பஸ் வருமா வருமான்னு நிக்கிற மாதிரி நின்னான். நான் இருபத்தெட்டு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டினவன், அந்த நிப்பு எனக்குத் தெரியும். ரெண்டு தடவை எதிராளி கையிலயே எறிஞ்சான். சரி, போகட்டும். கடைசி நிமிஷத்துல என்ன பண்ணான்? ஒருத்தன் இடிக்க வர்றான்னு தெரிஞ்சதும் தானாவே தரையில படுத்துட்டான்!"

"அது எனக்கும் வலிச்சுது, ஹாய்ட்."

"தைரியம் கோச் சொல்லிக் குடுக்கிற சமாச்சாரம் இல்ல. அது வீட்ல வரணும். வளத்தவங்க அத வளக்கல. வேற என்ன சொல்ல? அடுத்த ஆட்டத்துக்கு அவங்கம்மா வரட்டும். கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி, பால் காய்ச்சிக் குடுக்கட்டும்."

டேரல் விழுந்து விழுந்து சிரித்தார். டேரல் அவ்வளவு லேசில் சிரிக்கிற ஆள் இல்லை. ஹாய்ட் ஃபோனை வைத்துவிட்டு, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பையன் மாதிரி படுக்கையறைக்குப் போனார்.

அங்கே அவர் மனைவி ஆர்லீன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஜூன் மாதம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வரும். அவள் முன்னால் ராமோனா ஃபைன் முழங்காலிட்டு, நடக்கும்போது விழாமல் பிடிக்க இடுப்பில் கட்டிவிடும் பட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். வாரம் மூன்று நாள் வீட்டுக்கு வந்து ஆர்லீனுக்கு நடைப்பயிற்சி கொடுப்பவள் அவள். வழக்கமாகக் காலை எட்டு மணிக்கு வருவாள். அன்றைக்கு டயர் பஞ்சராகி, பதினொன்றரைக்குத்தான் வந்தாள். மேசைமேல் வானொலி பாடிக்கொண்டிருந்தது. புருஷன் அடுத்த அறையில் பேசுவதை வானொலியில் கேட்பது ஆர்லீனுடைய பழக்கம்.

"எப்படி? இன்னிக்கி டேரலே சிரிச்சுட்டான்ல?" என்றார் ஹாய்ட்.

 ஆர்லீன் நல்ல கையால் மெத்தையில் ஓங்கி அடித்தாள்.

"ஹாய்ட்... வாய... மூடு."

"பரவால்லம்மா," என்றாள் ராமோனா. பட்டையை மடித்துப் பைக்குள் வைத்தாள். நிதானமாகத்தான் வைத்தாள். பிறகு எழுந்து நின்றாள். "மிஸ்டர் ஹாய்ட், கோல்பி ரஸ்க் என் மகன்."

 "உங்க பேரு ஃபைன்தானே?" என்றார் ஹாய்ட். உலகத்தில் கேட்பதற்கு வேறு கேள்வியே கிடைக்காத மாதிரி.

"அது ரெண்டாவது கல்யாணத்துப் பேரு." அவள் கோட்டை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள். "செப்டம்பர்லேர்ந்து ஒவ்வொரு திங்களும் வண்டில கேட்டுட்டுத்தான் போறேன். பந்த வெச்சிட்டு நிக்கிறான்னீங்க. நிக்கத்தான் செய்றான். அவனுக்கே தெரியும். அதெல்லாம் ஆட்டம், அதப் பேச உங்களுக்கு உரிமை இருக்கு. ஆனா அவன நான் எப்படி வளத்தேன்னு உங்களுக்கு என்ன தெரியும்? சொல்லுங்க. ஒண்ணாச்சும் தெரியுமா?"

 ராமோனா ஆர்லீனின் தோளைத் தொட்டு, "கணுக்கால மடக்கி நீட்டறத மட்டும் விட்டுடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். வண்டி கிளம்புகிற சத்தம்கூட நிதானமாகத்தான் கேட்டது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று ஹாய்ட் மனைவியைக் கேட்டார்.

"ஜூலை... லேர்ந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான்... வேணாம்னா. உன்... சந்தோஷம்... கெடுமாம்."

அன்று இரவும் மறுநாளும் ஹாய்ட் வீட்டுக்குள் நடந்த நடையைக் கணக்குப் போட்டால் பெல்ஃபேருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். அவர் கவலைக்குக் காரணம் இருந்தது. பயிற்சிக்கு இன்ஷூரன்ஸ் அக்டோபர் முடியும்வரைதான் கொடுக்கும். அதற்குள் ஆர்லீன் கட்டிலிலிருந்து குளியலறைக்குத் தானாக நடந்து போகாவிட்டால், வீட்டில் வைத்துக்கொள்ள முடியாது, பராமரிப்பு இல்லத்தில்தான் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். ஹாய்ட்டின் முதுகு பஸ் ஓட்டியே போய்விட்டது. அவரால் தூக்க முடியாது. மூன்று மாதத்தில் ஆர்லீனை நிற்க வைத்தது ராமோனா ஒருத்திதான். நாலு அடி நடக்க வைத்ததும் அவள்தான். அவளுக்கு முன்னால் வந்த இரண்டு பேரை ஆர்லீன் வைது விரட்டியிருந்தாள், வார்த்தை வராத வாயை வைத்துக்கொண்டே.

புதன்கிழமை ராமோனா வரவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசுகிற ஒரு நடுவயது ஆள் வந்தார். ஆர்லீன் அவரைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமையும் அதே கதைதான். ஹாய்ட் இவர்களை அனுப்புகிற அலுவலகத்துக்கு ஃபோன் போட்டார்.

"ராமோனா வேற நோயாளிங்கள கேட்டு வாங்கிட்டாங்க சார்," என்றாள் அங்கிருந்த பெண். "காரணம் எதுவும் சொல்லல. ஏன், ஏதாச்சும் தகராறா?"

"ஒண்ணுமில்ல," என்றார் ஹாய்ட். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை டன்மோரிலேயே ஆட்டம். பக்கத்து வீட்டு நெல்டாவை ஆர்லீனுக்குத் துணைக்கு வைத்துவிட்டு, நேரத்தோடு கிளம்பினார். முப்பத்தொரு வருஷமாக அவருடைய இருக்கை பதினாலாவது பகுதியில். அன்றைக்கு அங்கே போகவில்லை. ஆட்டக்காரர்களின் வீட்டார் உட்காரும் இடம் பெஞ்சுக்குப் பின்னால் இருக்கிறது. ராமோனாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். என்ன வார்த்தை என்று மட்டும் யோசித்து வைத்திருக்கவில்லை. அவித்த நிலக்கடலை ஒரு பொட்டலம் வாங்கினார். வெறுங்கையோடு எப்படிப் போவது?

போய்ச் சேர்ந்தபோதுதான் அதைப் பார்த்தார். வீட்டார் பகுதிக்கு நேர் மேலே, மாணவர்கள் நிற்கும் கைப்பிடிக் கம்பியில் ஒரு படுக்கை விரிப்பு தொங்கியது. கொட்டை எழுத்தில் பெயின்ட்: *அம்மா, கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. பால் காய்ச்சியாச்சு.* பின்னால் சட்டையில்லாமல், மார்பில் சாயம் பூசிய நாலு தடியன்கள். கீழே ராமோனா அணியின் அரக்கு நிறத் தொப்பி போட்டுக்கொண்டு, மைதானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் இருக்கை காலியாக இருந்தது.

ஹாய்ட் படி ஏறினார். முதுகு வேண்டாம் என்றது, ஏறினார்.

"தம்பிகளா, அத எடுத்துடுங்க."

குரலைக் கேட்டதும் ஒருத்தன் துள்ளினான். "டேய், இது மில் கிரீக் ஹாய்ட் பெருசுடா! யோவ் பெருசு, உம்ம வசனம்தான்! எப்படி எழுதியிருக்கோம் பாத்தீரா?"

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. எடுங்க."

"என்ன பெருசு, ஜோக்கா?"

"கீழ அந்தப் பையனோட அம்மா உக்காந்திருக்காங்கடா!"

"அதுக்குத்தானே கட்டியிருக்கோம்!" என்றான் இன்னொருத்தன். நாலு பேரும் கழுதையாகக் கத்தினார்கள். சுற்றி இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அறுபத்து நாலு வருஷமாகக் கத்துகிற சத்தம்தான், ஆனால் அது தன்னைப் பார்த்துக் கத்தப்படும்போது எப்படி இருக்கும் என்று ஹாய்ட்டுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. விரிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தார். அவர்கள் மறு ஓரத்தை இழுத்தார்கள். கிழிந்தது. நிலக்கடலைப் பொட்டலம் கீழே விழுந்து சிதறியது. யாரோ அவர் தலைமேல் குளிர்பானத்தை ஊற்றினார்கள். காவலர் ஒருவர் ஓடி வந்தார்.

"ஹாய்ட் ஐயா, நீங்க ஓட்டின பஸ்லதான் நான் ஸ்கூலுக்குப் போனேன்," என்று அவர் காதோடு சொன்னார் காவலர். "அசிங்கம் வேணாம். தயவுசெஞ்சு வெளிய வந்துடுங்க."

இறங்கும்போது ராமோனாவைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அவள் ஒரு முறை பார்த்தாள். ஈரத் தலை, சாயம் ஒட்டிய கை, பக்கத்தில் காவலர். பார்த்துவிட்டு மைதானத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒரு ஆட்டத்தில்கூடக் கடைசி விசில் ஊதுமுன் எழுந்திராத மனுஷன், ஆட்டம் பாதி முடியுமுன்பே கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து வானொலியில் மீதியைக் கேட்டார். பத்துப் புள்ளியில் தோற்றார்கள். கோல்பி ரஸ்க் பந்தை வைத்துக்கொண்டு நின்றுகொண்டேதான் இருந்தான்.

வீட்டுக்கு வந்து ஆர்லீனிடம் நடந்ததைச் சொன்னார். ஏதோ பதக்கம் கிடைக்கும் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

"ரேடியோல... சொன்ன," என்றாள் அவள். "ரேடியோல... சொல்லு."

"விரிப்பையே கிழிச்சுப் போட்டுட்டேன்டி! இதுக்கு மேல என்ன வேணும்?"

"ரேடியோல."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாய்ட் மனசுக்குள் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு தடவையும் டேரலின் சிரிப்பு குறுக்கே வந்தது. இருபது வருஷமாக அந்த மாகாணத்தில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும், முகத்தால் அல்ல, குரலால். சலூனில், மளிகைக் கடையில், பெட்ரோல் போடும் இடத்தில், "நீங்க மில் கிரீக் ஹாய்ட்தானே?" என்பார்கள். அந்தக் குரலை வைத்துக்கொண்டு, நான் சொன்னது தப்பு என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு எவன் மதிப்பான்? இப்படி நினைத்து நினைத்தே திங்கட்கிழமை பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது.

"வண்டிக்கு ஆயில் வாங்கணும், இருபது நிமிஷத்துல வந்துடறேன்," என்றார்.

ஆர்லீன் தலையை நிமிர்த்தினாள். அவரைப் பார்த்தாள். அவர் செல்ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊர்ப் பையனுக்குத் தைரியம் இல்லை என்று மாகாணத்துக்கே அறிவித்த ஆள், ஒரு ஃபோனுக்குப் பயந்து ஆற்றைத் தாண்டி ஓடினார். வெட்கக்கேடு, வேறென்ன சொல்ல?

ஆயில் கடையைத் தாண்டிப் போனார். திரும்பி வந்தார். மறுபடி தாண்டினார். வானொலியை அணைத்தார், போட்டார். ஒரு ஆள் கூப்பிட்டு, மில் கிரீக் ஹாய்ட்டை மைதானத்திலிருந்து தூக்கிப் போட்டார்களாமே, கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று கேட்டான். டேரல் சிரித்தார். ஹாய்ட்டின் காது கொதித்தது.

"அடுத்த அழைப்பு எங்கேர்ந்துன்னு பாத்தீங்களா? மில் கிரீக்! ஹாய்ட், வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் ஊரே காத்திட்டிருக்கு!"

 மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது.

"ஹாய்ட்? இருக்கீங்களா?"

"ஹாய்ட்... இல்ல. ஆர்லீன். அவன்... பொண்டாட்டி."

ஹாய்ட் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான்.

டேரல் முப்பது விநாடிக்கு மேல் யாரையும் பேசவிடாதவர். அன்றைக்கு என்னவோ குரலைத் தணித்துக்கொண்டார். "மெதுவா சொல்லுங்கம்மா. நேரம் இருக்கு."

"எனக்கு... கை கால்... விழுந்துடுச்சு. அந்தப் பையன்... கோல்பி. அவங்கம்மா... வருவா. என்ன... நிக்க வெச்சா." மூச்சு. "பயமா... இருக்கும். விழுந்துடுவேன்னு... அழுவேன். பிடிச்சிருக்கேன்... பயப்படாதீங்கன்னு... சொல்லுவா. தைரியம்... அவதான்..." மறுபடி மூச்சு.  "ஹாய்ட்... சொன்னது... பொய். அவனுக்கு... ஒண்ணும்... தெரியாது."

அப்போதுதான் ஹாய்ட்டுக்கு உறைத்தது. செல்ஃபோன் தன் சட்டைப் பையில் இருக்கிறது. வீட்டில் இருக்கிற இன்னொரு ஃபோன் சமையலறைச் சுவரில், தோள் உயரத்தில் மாட்டியிருக்கிறது. கட்டிலிலிருந்து அங்கே போக நாலு அடி போதாது. இருபது அடியாவது வைக்க வேண்டும். அவள் நின்றுகொண்டிருக்கிறாள். பிடிக்க ஆளில்லாமல் நின்றுகொண்டு பேசுகிறாள்!

"கடவுளே, உக்காருடி! உக்காந்துக்கோ!" என்று வானொலியைப் பார்த்துக் கத்தினார். வண்டியை நடுச்சாலையில் திருப்பினார். பாலத்தில் சிவப்பு விளக்கை மதிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் ஒரு அபராதம் வாங்காத டிரைவர்.

வீட்டு வாசலில் ராமோனாவின் கார், கதவு திறந்தபடி, புல்வெளியில் பாதி ஏறி நின்றது. இரண்டு தெரு தள்ளி வேறொரு நோயாளி வீட்டில் அவளும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் எத்தனை அடி என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

சமையலறையில் ராமோனா ஆர்லீனைப் பின்னாலிருந்து இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆர்லீனின் கால் இரண்டும் நடுங்கின. முகம் வியர்வையில் நனைந்திருந்தது. ரிசீவரை மட்டும் விடவில்லை. அதிலிருந்து டேரலின் குரல் வந்துகொண்டிருந்தது.

"ஆர்லீன்," என்றார் ஹாய்ட். அழுகை வந்துவிட்டது. "ஆர்லீன், என்ன காரியம் பண்ணே?"

அவள் ரிசீவரை அவரிடம் நீட்டினாள்.

அவர் ராமோனாவைப் பார்த்தார். ராமோனாவும் அவரைப் பார்த்தாள். "என்னைப் பாக்காதீங்க, மிஸ்டர் ஹாய்ட்," என்றாள். "அங்க காத்திட்டிருக்காங்க."

ஹாய்ட் ரிசீவரை வாங்கினார். "டேரல், மில் கிரீக் ஹாய்ட் பேசறேன்," என்றார். இத்தனை வருஷம் வரிசையில் நின்ற வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.  "போன வாரம் நான் சொன்னது தப்பு."

"எது ஹாய்ட், குவார்ட்டர்பேக் பத்தியா?"

"அவனப் பத்தி இல்ல. அவன் இன்னும் பந்த வெச்சிட்டு நின்னுட்டுத்தான் இருக்கான், அத யாரு கேட்டாலும் சொல்வேன். அவங்கம்மாவப் பத்தி. அவங்கள மாதிரி..." குரல் உடைந்தது. "எனக்கு ஒரு எழவும் தெரியாது, டேரல். தெரியாமப் பேசிட்டேன். அவங்க எதிர்லயே நின்னு சொல்றேன், மன்னிச்சுக்கணும்."

மறுமுனையில் சிரிப்பு இல்லை. ராமோனா தலையைக் குனிந்து ஆர்லீனின் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு கையும் ஆர்லீனைப் பிடித்திருந்ததால் துடைக்க வேறு வழி இல்லை.

"பேசி முடிச்சாச்சுன்னா ஒரு நாற்காலிய இழுத்துப் போடுங்க," என்றாள். "இவங்க நிக்க ஆரம்பிச்சுப் பதினஞ்சு நிமிஷம் ஆகுது. அப்புறம் அந்த ஆபீசுக்கு ஒரு ஃபோன் பண்ணி, புதன்கிழமைக்கு வேற ஆளு வேணாம்னு சொல்லிடுங்க."